வெளியே போகிறவர்களைப் பிடிக்கும் நாய்

எங்கள் வீட்டு நாய் உள்ளே வருகிற யாரையும் ஒன்றும் செய்யாது. முன்பின் தெரியாத ஆள் நேராக அடுப்படி வரைக்கும் வரலாம். வாலை ஆட்டிக்கொண்டு, வழி காட்டுகிற மாதிரி கூடவே வரும். ஆனால் வந்த ஆள் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டப் பார்த்தால் போச்சு. ஒரு பை, ஒரு சொம்பு, ஒரு முழம் பூ, எதுவாக இருந்தாலும் சரி, சேலையையோ வேட்டியையோ கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிடும். கடிக்காது. விடவும் விடாது. ஊரில் இருக்கிற நாயெல்லாம் வருகிறவனைப் பார்த்துக் குரைக்கும். எங்களுக்கு வாய்த்தது மட்டும் இப்படி. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் துணி கொடுத்த ஒவ்வொருத்தியும் தைத்ததை வாங்கிக்கொண்டு அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

அருப்புக்கோட்டை பஜாரில் கடை, அதற்குப் பின்தெருவில் வீடு. வீட்டின் முன்பாதி முழுக்க மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, மிளகாய் வத்தல். அதைத் தாண்டி ஒரு நடை, அதற்கப்புறம்தான் நாங்கள் இருக்கிற வீடு. மொத்தத்துக்கும் ஒரே வாசல். வாசலை ஒட்டி மாமாவின் மர நாற்காலி. மாமா என்றால் என் மாமனார். மாமியார் நான் வருவதற்கு முன்னாலேயே தவறிவிட்டார்கள். ஆக வீட்டில் மாமா, என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள், அவ்வளவுதான். நடையில் சன்னலோரம் என் தையல் மெஷின். கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று நான் கை வைத்துச் சொல்லக்கூடிய ஒரே சாமான் அதுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மல்லாங்கிணற்றிலிருந்து வத்தல் லோடு வந்தது. கூடவே இவரும் லாரியில் வந்து இறங்கினார், கையில் ஒரு செவலைக் குட்டியோடு. வழியெல்லாம் வத்தல் நெடியில் தும்மித் தும்மி அதற்குக் கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. "கிட்டங்கிக்கு ஒரு காவல் வேணும்ல" என்றார். குட்டியை வாங்கி மூஞ்சியைக் கழுவி, மடியில் போட்டுக்கொண்டேன். எனக்கு நாய் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. எங்களுக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். பிறந்த வீட்டில் ஆட்டுக்கு, கோழிக்கு, வைக்கோல் படப்புக்கு என்று எப்போதும் இரண்டு நாயாவது கிடக்கும். குட்டியிலேயே எங்கப்பா அவற்றை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். நாலு பேர் தூக்கிக் கொஞ்சப் பழக்குவார். சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார். சும்மா குரைக்கிற குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குரைப்பதை நிறுத்தினால்தான் சோறு. குட்டியில் வேடிக்கையாகத் தெரிவது வளர்ந்தபிறகு வேதனையாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முதல் நாளே சொன்னேன்.

"ஏம்மா, நாய்க்குட்டிக்குப் பள்ளிக்கூடமா நடத்தப்போற?" என்றார் மாமா.

"அதெல்லாம் வளர வளரச் சரியாப் போகும்" என்றார் இவர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் வாழ்ந்த காலமெல்லாம் எனக்கு அது ஒன்றுதான் தேகப்பயிற்சி.

இப்போது மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரொம்பத் தன்மையான மனுசர். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். யாருக்கும், எதற்கும், முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வராது. யாராவது எதையாவது கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார், கனைப்பார், வானத்தைப் பார்ப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மகா கறார். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் வீட்டைவிட்டு ஒரு சாமான் வெளியே போகக் கூடாது. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, உறை மோர் கூடாது, ஊசி கூடவே கூடாது. போனால் லெட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். யாவார வீடுகளில் இது எல்லா இடத்திலும் உள்ள பழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், விளக்கு வைத்தபிறகுதான் தெருக்காரர்களுக்கு உறை மோர் இல்லாதது ஞாபகம் வரும்.

ஒருநாள் எதிர்த்த வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்தார்கள். அப்போதுதான் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். மாமா துண்டை உதறினார், கனைத்தார். நான் மாமாவைப் பார்க்கிறேன், அக்கா என்னைப் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் குட்டி அக்காவின் கிண்ணத்தைப் பார்த்து 'வள்' என்றது. அது பசிக்குக் கத்தியிருக்கும். மாமாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தியா தாயி, விளக்கு வச்சாச்சுல்ல, நாயி விடமாட்டேங்குது" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே வெறுங்கிண்ணத்தோடு போய்விட்டார்கள். மாமா பக்கத்தில் வைத்திருக்கிற ரொட்டி டப்பாவிலிருந்து ஒரு பொறையை எடுத்துக் குட்டிக்குப் போட்டார்.

"மாமா, அதுக்குப் போடாதீக. பழகிப்போகும்" என்றேன்.

"நல்லதத்தானம்மா பழகுது! இது நாயில்ல, லெட்சுமிக்குக் காவலு."

அதற்குப்பிறகு தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். யாராவது கிண்ணமோ சொம்போ தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினால் மாமா நாற்காலியிலிருந்தபடி மெதுவாக "யார்றா அது?" என்பார். குட்டி பாய்ந்து போய்க் குரைக்கும். பொறை விழும். மாமா சந்தோசப்பட்டார். மகள் கை தட்டினாள். இவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஒருத்தருக்குக்கூட, ஒரே ஒருத்தருக்குக்கூட, குட்டி பெரிசானால் என்ன ஆகும் என்ற நினைப்பு இல்லை. நாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா? விளக்கு வைப்பதற்கு முன், வைத்தபின் என்று அது கணக்கு வைத்திருக்குமா? அதன் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்: இந்த வீட்டிலிருந்து யாரும் எதையும் கொண்டுபோகக் கூடாது, போனால் பிடிக்க வேண்டும், பிடித்தால் பொறை. நான் வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

ஒரு வருசத்தில் அது இடுப்புயரம் வளர்ந்து நின்றது. அப்புறம் என்ன, பகல், சாயங்காலம் என்ற வித்தியாசமே போய்விட்டது. இவர் தூக்குச்சட்டியோடு கடைக்குக் கிளம்பினால் வேட்டியைப் பிடித்தது. மகள் பைக்கட்டோடு பள்ளிக்கூடம் கிளம்பினால் பாவாடையைப் பிடித்தது. தினமும் நான் சோற்றை உருட்டி நாயைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு ஓட, அவள் முன்பக்கமாக ஓட வேண்டும். டீச்சர் கேட்டதற்கு "எங்க வீட்டு நாயி விடல டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று ஒரு பீரியடு முழுக்க நிற்க வைத்துவிட்டார்கள். கிட்டங்கியில் லோடு ஏற்றுகிற நாட்களில் அதைக் கொல்லையில் கட்டிப் போட்டு ஏற்றினார்கள். யாவாரம் என்றால் கட்டிப் போடத் தெரிகிறது, பாருங்கள். ஆனால் அன்றைக்கு முழுக்க அது போடுகிற ஊளையில் யாருக்கும் காது கேட்காது. மறுநாள் இரண்டு மடங்கு வேகமாக வாசலில் வந்து உட்காரும். மாமாவை மட்டும் அது பிடித்ததே இல்லை. மாமா எங்கே போனாலும் கையை வீசிக்கொண்டுதான் போவார். அவர் சாமானைத் தூக்கத்தான் நாலு ஆள் இருக்கிறதே.

என் தையல் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் நன்றாகத் தைப்பேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கழுத்து இறக்கமும் கை அளவும் என்னிடம் தப்பாது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் நடை முழுக்கத் துணிப் பை தொங்கும். நாய் வளர வளர அந்தப் பைகள் குறைந்துகொண்டே வந்தன. துணி கொடுக்க வருகிறபோது வாலாட்டி வரவேற்கும். வாங்கிக்கொண்டு போகிறபோது முந்தானையைப் பிடிக்கும். "அக்கா, நாயப் பிடிங்கக்கா!" என்று அலறுவார்கள். நான் மெஷினைப் போட்டுவிட்டு ஓடுவேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வாயில்லாச் சீவன் தாயி, அதுக்கென்ன தெரியும்" என்று சிரிப்பார். வாயில்லாச் சீவனாம். அந்த வாயில்தான் ஒருத்தியின் முந்தானை கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்தான் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கியது. மணப்பெண்ணுக்கு அரக்குப் பட்டு, கை நிறைய ஜரிகை. கண் வலிக்க வலிக்கத் தைத்தேன். பெண்ணின் அம்மா வந்து பார்த்து வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார்கள். வாசற்படி இறங்கியதும் நாய் பையைப் பிடித்தது. அவர்கள் பயந்து பையை விட்டுவிட்டார்கள். அது பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, வாசலுக்கு முன்னால் ஓடுகிற சாக்கடையில் ஒரு முக்கு முக்கி, மாமாவின் காலடியில் போட்டுவிட்டுப் பொறைக்காக நிமிர்ந்து பார்த்தது. மாமாவின் கை பழக்கத்தில் டப்பாவுக்குப் போனதை நான் பார்த்தேன். மதுரைக்குப் போய் அதே பட்டில் துணி எடுத்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். அவர்கள் ஒன்றும் திட்டவில்லை. "நல்லாத்தான் தைக்கிற தாயி. ஆனா ஒங்க வீட்டுக்கு வாரதுன்னா உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வரவேண்டியிருக்கு" என்றார்கள். அதோடு அந்தத் தெருவே என்னிடம் வருவதை நிறுத்திவிட்டது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். இவர் ஒரு பூசாரியிடம் போய் மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினார். நாய் கயிற்றைத் தின்றுவிட்டது. மூக்கில் வத்தல் பொடியைக் காட்டு என்று ஒருத்தர் சொன்னார். வத்தல் மூட்டையில் வளர்ந்த நாய்க்கு வத்தல் பொடியா! அடித்தால் சரியாகும் என்று இவர் ஒருநாள் குச்சியை எடுத்தார். நான் பிடுங்கி எறிந்தேன். "நீங்க பொறை போட்டுப் பழக்குனதுக்கு அத எதுக்கு அடிக்கிறீக?" என்றேன். அதற்கு என்ன தெரியும், பாவம். சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தது. அந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அதுதான்.

கடைசியில் நானே பழக்குவது என்று இறங்கினேன். பகலில் கையில் பையோடு வாசலுக்குப் போவேன். நாய் எழுந்திருக்காமல் படுத்திருந்தால் ஒரு பொறை. எழுந்து வந்தால் ஒன்றும் கிடையாது, திரும்பி வந்து மறுபடி போவேன். ஒரு மாசம் இதே வேலை. பார்க்கிறவர்களுக்கு நான் கிறுக்குப் பிடித்து நடைக்கும் வாசலுக்கும் அலைகிற மாதிரி இருந்திருக்கும். ஆனால் பலித்தது! மகள் பைக்கட்டோடு நடந்து போக, அது படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு யாரோ சீனி கேட்டு வந்தார்கள். மாமா துண்டை உதறினார். "யார்றா அது?" என்றார். நாய் பாய்ந்தது. பொறை விழுந்தது. என் ஒரு மாச உழைப்பு அந்த ஒரு பொறையில் போயிற்று.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, குடுக்க இஷ்டமில்லன்னா நீங்க வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லுங்க. நாய எதுக்கு இழுக்கிறீக? எம் பொழப்பு போகுது மாமா" என்றேன். மாமனாரிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை நான். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

"நாயி செய்யிறதுக்கு நான் என்னம்மா செய்ய?" என்று வானத்தைப் பார்த்தார்.

தொண்ணூறு பிறந்து ஒன்றிரண்டு வருசம் இருக்கும். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் என்னைக் கோயிலில் பார்த்தபோது, "நீங்க வேற எங்கயாவது வச்சுத் தைச்சா வாரோம்க்கா" என்றார்கள். பாளையம்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை வாடகைக்கு வந்தது. பார்த்தேன், பிடித்துவிட்டது. சன்னல் கிழக்குப் பார்த்து இருந்தது, ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்துக்குக் குறைவில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். வீட்டில் சொன்னேன். இவர் "அப்பாட்ட கேளு" என்றார். மாமாவிடம் கேட்டேன். "செய்யிம்மா, யாரு வேணாங்கிறா?" என்றார். ஆனால் மெஷினை ஏற்ற நாள் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்துவிடும். இன்றைக்கு லோடு வருகிறது, வாசலை அடைக்காதே. நாளைக்கு அமாவாசை. அடுத்த வாரம் பார்ப்போம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நானும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். அவர்தான் சொல்ல மாட்டாரே.

கடைசியில் யாரையும் கேட்காமல் ஒரு தள்ளுவண்டிக்காரரைப் பேசி வரச் சொல்லிவிட்டேன். மத்தியானம் வருவதாகச் சொன்னவர் பொழுது இறங்குகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கி, கிட்டங்கியைத் தாண்டி வாசல் பக்கம் கொண்டுவந்தோம்.

"விளக்கு வைக்கிற நேரமாச்சேம்மா" என்றார் மாமா.

"மெஷினு போகட்டும் மாமா. விளக்கு வச்சிட்டா அப்புறம் அனுப்பக் கூடாதும்பீக" என்றேன்.

அவர் கனைத்தார். நாய் எழுந்தது. வாசலின் குறுக்கே வந்து நின்று, வண்டிக்காரரின் லுங்கியைக் கவ்விக்கொண்டது. அவர் மெஷினைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டு, "யக்கா, யக்கா!" என்று கூப்பாடு போட்டார். நான் சோற்றை உருட்டிக் காட்டினேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் தன் அப்பாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். நான் அப்படியே மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இன்னைக்கு நாயக் காட்டித் தப்பிக்க முடியாது. நீங்களே சொல்லுங்க. எம் மெஷினு போகலாமா, கூடாதா? கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லுங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

வண்டிக்காரர் கூப்பாட்டை நிறுத்திவிட்டு, நாயின் வாயில் லுங்கியோடு அப்படியே நின்றார். மாமா துண்டை எடுத்தார், உதறாமல் மடியில் வைத்தார். என்னைப் பார்த்தார். எத்தனையோ வருசத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பிறகு நாயின் பக்கம் திரும்பி, அதட்டக்கூட இல்லை, வீட்டு ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"விடு."

நாய் விட்டுவிட்டது. அவ்வளவுதான். லுங்கியை வாயிலிருந்து விட்டுவிட்டு, அவர் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கயிறு கட்டி, வத்தல் பொடி காட்டி, சோற்றை உருட்டிக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் ஓடி, ஒரு கல்யாணப் பட்டைச் சாக்கடையில் போட்டு, ஒரு தெருவின் துணியை எல்லாம் பறிகொடுத்து, கடைசியில் ஒரு சொல்! மாமாவே திகைத்துப்போய்விட்டார். "அட, விட்டிருச்சே!" என்று என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன வருசத்துல ஒருக்காவாவது சொல்லிப் பாத்தீகளா மாமா?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னு தோணலயேம்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். கண் முன்னால் உட்கார்ந்து நான் அழுததை, ஓடியதை, பைகள் குறைந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனுசருக்கு, ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, வண்டிக்காரரிடம் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன்.